காற்று விழுந்த நாளுக்கு ஆதாரம்

நான் படித்த போர் நாவல்களில் எல்லாம் வீரன் ஒரே மாதிரித்தான் உடைந்துபோகிறான். வீடு திரும்புகிறான். யாரோ வெடி கொளுத்துகிறார்கள். அவன் தரையில் விழுந்து தலையைப் பொத்திக்கொள்கிறான், மனைவி அழுகிறாள். இறுதியாண்டு ஆய்வுக்கட்டுரைக்காக வந்தாறுமூலைப் பல்கலைக்கழக நூலகத்தில் இதை ஏழெட்டுத் தடவை வாசித்தேன். முதல் தடவை அழுதேன். ஐந்தாவது தடவை கோபம் வந்தது.

அதில் ஒரு நாவலைத் தன்னாமுனையில் இருக்கும் மாமாவிடம், அம்மாவின் தம்பியிடம், கொடுத்தேன். ஏழு வருடம் சண்டையில் நின்றவர்; இப்போது வாவியில் வீச்சு வலை வீசுகிறார். இரண்டே நாளில் முடித்துவிட்டுச் சிரித்தார்.

"வெடிக்கு விழுந்து படுக்கிறானாம். எங்கட கோயில் திருவிழாவுக்கு வெடி கொளுத்துறது ஆரு மருமகள்?"

அவர்தான். ஒவ்வொரு வருடமும், வாயில் சுருட்டோடு.

அப்படியென்றால் உங்களுக்கு ஒன்றுமே இல்லையா என்று கேட்டுவிட்டேன். யோசித்துக் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை.

காற்று விழுந்து வாவி அசையாமல் கிடக்கும் நாட்களில் மாமா தோணி எடுப்பதில்லை. மீன் ஓடுவது தெளிவாகத் தெரியும் நாள் அது. மற்ற எல்லாரும் போவார்கள். இவர் வீட்டுக்குள் ரேடியோவைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு இருப்பார். கரையில் அவருக்குப் பட்டம் 'காத்துக்கு மாப்பிள்ளை'; காற்று வந்து அழைத்தால்தான் புறப்படுவாராம். சோம்பல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

"ஷெல் விழக்குள்ள ஒண்டுமில்ல, படுத்துக் கிடந்தாச் சரி," என்றார். "அது நிண்டாத்தான் எழும்பிப் போகணும். ஆரு ஆரு மிச்சம் எண்டு பாக்கணும்." பிறகு, விரும்பினால் எழுது, பேரைப் போடாதே என்றார்.

எழுதினேன். சத்தத்துக்குப் பயப்படுகிறவனை வெளியில் நிற்பவர் பார்த்துவிடலாம், அதனால் நாவல்கள் அவனையே எழுதுகின்றன. அமைதியைத் தாங்க முடியாதவனைச் சோம்பேறி என்று தாண்டிப்போகின்றன. இதுதான் அத்தியாயம். என் விரிவுரையாளர் ஓரத்தில் 'ஆதாரம்?' என்று எழுதினார். எந்த நூலிலும் இல்லாததை இலக்கிய ஆய்வில் வைக்க முடியாது, அதை நீக்காவிட்டால் முதல் வகுப்பு கைவிட்டுப் போகும் என்றார். நல்ல மனிதர், எனக்காகத்தான் சொன்னார். எந்த நூலிலும் இல்லை என்பதுதான், சேர், என் அத்தியாயம் என்றேன்.

செங்கலடியில் பைண்ட் பண்ணக் கொடுத்த அன்றும் அந்த அத்தியாயத்தின் எட்டுப் பக்கத்தையும் உருவிவிடலாமா என்று கை துறுதுறுத்தது. உருவவில்லை.

முதல் வகுப்பு போயிற்று. மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அவங்களுக்குப் பிடிச்ச மாதிரி எழுதியிருக்கலாமே, விசரி," என்றார்.

எழுதியிருக்கலாம். அப்படி எழுதியவர்களைத்தான் ஒரு வருடம் முழுக்க வாசித்தேன்.