காதர் அண்ணன் மணிக்கட்டு

1. கிழங்குக்கு ஆள்

திண்டுக்கல் மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் நான் சேர்ந்தது சின்ன வெங்காயம் தரம் பிரிக்க. ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். தராசு முள்ளைப் பார்த்தாலே தப்பாகப் படித்துவிடுவோமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

முதல் நாள் வெங்காய லோடு வரவில்லை. மூலையில் பிடிகருணை குவியல் குவியலாகக் கிடந்தது. விரல் நீளத்தில் வேரும் மண்ணுமாக இருக்கும் அந்தக் கிழங்கை யாரும் ஆசையாகத் தொட மாட்டார்கள். புதுக் கிழங்கு கையை அரிக்கும். தின்றால் தொண்டையை அரிக்கும். தொண்டை அரிப்பைத்தான் காறல் என்போம். முதலாளி பாய் என்னை அதன் முன்னால் உட்கார வைத்தார். பத்து நிமிடத்தில் மணிக்கட்டு சிவந்து தடித்துவிட்டது. வேலை போய்விடுமோ என்று முந்தானைக்குள் கையை மறைத்தேன். பாய் பார்த்துவிட்டார்.

"கைய ஏம்மா ஒளிக்கிற? அரிக்குதா?"

"லேசா அரிக்குது மொதலாளி. வேல பாத்துருவேன்."

"எல்லாக் குமியும் அரிக்குதா, இல்ல ஒண்ணு மட்டுந்தானா?"

யோசித்துப் பார்த்தேன். அன்று இறங்கிய குவியல் அரித்தது. சுவரோரம் கிடந்த பழைய குவியல் அவ்வளவாக அரிக்கவில்லை. அதைச் சொன்னேன்.

"அப்ப இனி கெழங்குக்கு நீதான் ஆளு" என்றார்.

2. நூறு எண்ணும் வேலை

தோண்டிய கருணையை நிழலில் பரப்பி இரண்டு மூன்று மாதம் ஆறப் போட வேண்டும். தோல் சுருங்கும், காறல் அடங்கும். அடங்கியதா என்று பார்ப்பது என் வேலை. மூட்டைக்கு ஒரு கிழங்கை எடுத்து நறுக்கி, உள் மணிக்கட்டில் தேய்த்துவிட்டு நூறு வரை எண்ணுவேன். சிவந்தால் மூட்டை பரணுக்குத் திரும்பிப் போகும். எனக்கு எதிலும் சந்தேகம் என்பதால் மூட்டைக்கு இரண்டு கிழங்கு, இரண்டு தடவை தேய்ப்பேன்.

"பாண்டியம்மா கெழங்குக்கு ஊசி போடுறா" என்று லோடுமேன்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். நான் விட்ட மூட்டை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. சமையல்காரர்கள் "பாண்டியம்மா பாத்த சரக்கா?" என்று கேட்டுத்தான் எடுப்பார்கள்.

அப்போது கருணை தை, மாசியில்தான் வரும். தேடி வருகிறவர்களும் குறைவு. இப்போது ஆத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஊடுபயிராகச் சேனை, சேம்பு, கருணை எல்லாம் போடுகிறார்கள். பாலசமுத்திரத்திலிருந்தும் வண்டி வருகிறது. மூலத்துக்கு நல்லது, வயிற்றுக்கு நல்லது என்று போனில் பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள். ஹாஸ்டலுக்குப் போகிறது, கல்யாணப் பந்திக்குப் போகிறது. மூலையில் கிடந்த கிழங்கு முன்வரிசைக்கு வந்ததில் எனக்குப் பெருமைதான். ஒரே கஷ்டம், ஆறப் போட அவகாசமில்லை. காலையில் இறங்குவதைச் சாயங்காலம் கேட்கிறார்கள். அதனால் முன்னைவிட அதிகமாக என் மணிக்கட்டை நம்பித்தான் மண்டி ஓடியது.

3. முகூர்த்த நாள்

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு மூட்டை கருணை பார்த்து அனுப்பியிருந்தேன். கல்யாணத்தன்று காலை எட்டு மணிக்குச் சமையல் மாஸ்டர் போன் செய்தார்.

"ஏத்தா, இது நீ பாத்து அனுப்புனதுதானா?"

"நாந்தேன் மாஸ்டர். ரெண்டு தடவ தேச்சுப் பாத்தேன்."

"வந்து ஒரு வாய் தின்னு பாரு. என் தொண்டைக்குள்ள கம்பளிப்பூச்சி ஊருது. பன்னெண்டு மணிக்குப் பந்தி. மசியல் இல்லைன்னா பொண்ணு வீட்டுக்காரவுக என்னய மசிச்சுருவாக."

அதே லோடில் மிச்சமிருந்த கிழங்கை நறுக்கித் தேய்த்து நூறு எண்ணினேன். ஒன்றுமில்லை. மறு கையிலும் ஒன்றுமில்லை. பக்கத்தில் பில் போடும் காதர் அண்ணன் உட்கார்ந்திருந்தார். பேனாவையும் கம்ப்யூட்டரையும் தவிர எதையும் தொடாத மனிதர்.

"அண்ணே, செத்த கையக் குடுங்க."

"எதுக்குத் தங்கச்சி, ரேகை பாக்கப் போறியா?"

தேய்த்தேன். இருபது எண்ணுவதற்குள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அடிப் பாவி, என்னத்தத் தடவுன?" மணிக்கட்டு திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷம் தேய்த்துத் தேய்த்து என் தோல் மரத்துவிட்டது. எத்தனை நாளாக என்றுகூடத் தெரியவில்லை. கை போனால் மண்டியில் எனக்கு என்ன வேலை? காறலை அடக்கும் புளியை மாஸ்டர் பத்தாமல் போட்டிருப்பார் என்று சொல்லித் தப்பிக்கலாமா என்று நினைத்தேன். நாக்கு நுனிவரை வந்தது. எதிரே பாய் நின்றிருந்தார்.

"மொதலாளி, மாஸ்டர் மேல தப்பு இல்ல. என் கை செத்துப்போச்சு. எனக்கு அரிப்புத் தெரியல."

பாய் என் கையைப் பார்த்தார், காதர் அண்ணன் கையைப் பார்த்தார். "அழுகுறத அப்பறம் வச்சுக்க. பரண்ல பழசு கெடக்குதா?"

"நாலு மூட்ட கெடக்கு. ஆனா எது ஆறுனது, எது ஆறலைன்னு என்னால சொல்ல முடியாது."

"காதரு, சட்டக் கைய மடிச்சு விடு."

"மொதலாளி, நான் கணக்கு எழுத வந்தவன்."

"இன்னைக்கு இதுதான் கணக்கு."

மூட்டைக்கு ஓர் இடமாக அவருடைய இரண்டு கையிலும் தேய்த்தேன். இரண்டு இடம் சிவந்தது, இரண்டு சிவக்கவில்லை. சிவக்காத இரண்டு மூட்டையையும் ஆட்டோவில் ஏற்றி நானே மண்டபத்துக்குப் போனேன். கழுவி, வேகவைத்து, தோலுரித்துக் கொடுத்தேன். பதினொன்றரைக்கு மசியல் தயார். மாஸ்டர் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுவிட்டுக் கண்ணை மூடி நின்றார். அவர் இன்னொரு கரண்டி எடுத்தார்.

"தொண்ட சும்மா இருக்கு ஆத்தா. போய் மூஞ்சியக் கழுவு."

பந்தியில் கதவோரம் நின்று ஒவ்வொருவர் தொண்டையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் மசியலை மட்டும் மூன்றாவது தடவை கேட்டு வாங்கினார். அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால் கல்யாணப் பொண்ணின் அம்மா என்றே நினைத்திருப்பார்கள்.

4. கற்றது

சாயங்காலம், வேலையிலிருந்து நின்றுகொள்ளட்டுமா என்று பாயிடம் கேட்டேன். "கை போனா போகுது. உனக்கு அந்தப் பயம் போகலைல்ல, அது போதும் எனக்கு" என்றார்.

அதன் பிறகு காதர் அண்ணன் கையில்தான் தேய்த்துப் பார்க்கிறேன். தோண்டிய தேதியை எழுதிக் கட்டாத மூட்டையை நான் இறக்க விடுவதில்லை. "ஏம்மா, கெழங்குக்கும் ஆதார் கார்டு கேப்ப போலயே" என்று ரெட்டியார்சத்திரத்து விவசாயி ஒருவர் சலித்துக்கொண்டார். இப்போது பக்கத்து மண்டிகளிலும் அப்படித்தான் கட்டுகிறார்கள். அது இந்த ஏழாம் வகுப்புக்காரி போட்ட சட்டம்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எனக்கு அரிக்கவில்லை என்பதால் கிழங்கு காறாது என்று ஆகிவிடாது. வேலை பழகப் பழக, நம் கைக்குத் தெரியாமல் போவதும் கூடிக்கொண்டே போகிறது. அவ்வப்போது பழகாத கை ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்.

காதர் அண்ணனுக்கு இப்போது இருபது எண்ணுவதற்குள் சிவப்பதில்லை. அறுபது வரை எண்ண வேண்டியிருக்கிறது. அடுத்த கைக்கு ஆள் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.