மணற்காட்டிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு

பருத்தித்துறை, ஓகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை, காலை ஆறரை மணி. மீன் சந்தைக்கு வெளியே ஒருவர் குனிந்து என் சைக்கிளின் தடித்த டயரை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"உது என்ன, மோட்டச்சைக்கிள் ரயரோ?"

கரடுமுரடான பாதைக்கென்றே செய்த சைக்கிள் என்றேன். "அப்ப கிழக்காலை போங்கோ. உங்களுக்கு வேண்டிய அளவு கிடக்கு," என்று சிரித்தார்.

நான் ஹப்புத்தளைக்காரி. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே லொறியும் பஸ்ஸும் எட்டிப்பார்க்காத கிரவல் பாதைகளாகத் தேடி ஓட்டுவதுதான் என் விடுமுறை. பல்கலைக்கழக விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த ஜெசிந்தா யாழ்ப்பாணத்துக் குருநகரைச் சேர்ந்தவள். "வாகனமில்லாத றோட்டு மலையிலை மட்டும்தான் இருக்கெண்டு நினைக்காதை. வடமராட்சி கிழக்குக்கு ஒருக்கா வந்து பார்," என்று இரண்டு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் சைக்கிளை ரயிலின் சாமான் பெட்டியில் போட்டு இவ்வளவு தூரம் கொண்டுவந்திருந்தேன். அவளுடையது பின்னால் கரியர் பூட்டிய சாதாரண ஊர்ச் சைக்கிள். போன வருடம் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தவள். அதன் பிறகு நீண்ட ஓட்டம் இதுதான் முதல். மணற்காடு, நாகர்கோவில், செம்பியன்பற்று, பிறகு வந்த வழியே திரும்புவது. போக வர ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் வரும்.

வல்லிபுரக் கோயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தார் முடிந்தது. டயரின் கீழ் செம்மண் கிரவல் நறநறவென்று பேசத் தொடங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடப்பக்கம் வெள்ளை மணல் மேடுகள், அவற்றுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத கடலின் இரைச்சல். வலப்பக்கம் சவுக்க மரங்கள், அவற்றின் இடைவெளிகளில் மின்னுகிற நீரேரி. ஒரு வாகனம் இல்லை. பாதையின் நடுவில் நின்ற மயில் ஒன்று எங்களைப் பார்த்த பிறகும் ஆறுதலாகத்தான் நகர்ந்தது.

மணற்காட்டுச் சந்தியில் பிளேன்டீ குடித்தோம். அதற்குப் பிறகுதான் காற்று பிடித்தது. இந்த மாதங்களில் தெற்கிலிருந்து வீசுவது சோளகம். எங்கள் மலையில் ஏற்றம் கண்ணுக்குத் தெரியும். வளைவில் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி மிதிக்கலாம். இங்கே தரை தாம்பாளம் போல் கிடக்கிறது, ஆனால் நெஞ்சில் கை வைத்து யாரோ பின்னுக்குத் தள்ளுகிறார்கள். என் கியர்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். "என்ன மலைக்காரி, ஏத்தமே?" என்று ஜெசிந்தா காற்றுக்கு மேலால் கத்தினாள்.

எட்டே முக்கால் போல ஒரு திருப்பத்தில் முச்சக்கரவண்டி ஒன்று பின்சக்கரம் பாதி மூழ்கி மணலில் புதைந்து நின்றது. சாரதி ஓலைகளைச் சில்லுக்குக் கீழே திணித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலையில் ஓர் அம்மா, தோற்பை ஒன்றை மார்போடு அணைத்தபடி நின்றார். நாங்கள் மூவரும் தள்ளினோம். அச்சு முறிந்த சத்தம்தான் கேட்டது.

"சரி, முடிஞ்சுது," என்றார் சாரதி.

அந்த அம்மா அழுதுவிட்டார். பத்து மணிக்குச் செம்பியன்பற்றுத் தேவாலயத்தில் அவருடைய மருமகனுக்கு, தம்பியின் மகனுக்கு, கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் விடியவே வேனில் பளை வழியாகச் சுற்றிப் போய்விட்டார்கள். பாதி வழியில்தான் தாலியும் கூறைச்சேலையும் இருந்த பை பருத்தித்துறை வீட்டுக் கட்டிலிலேயே கிடப்பது ஞாபகம் வந்திருக்கிறது. இவர் இறங்கித் திரும்பிப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு, குறுக்கு வழியென்று இந்தப் பாதையால் வந்திருக்கிறார். முன்னால் ஐந்து கிலோமீற்றரில் மதகு ஒன்றைத் திருத்துவதற்காக வெட்டிப்போட்டிருப்பதால் எந்த வாகனமும் அப்பால் போகாது. மதகுக்கு அந்தப் பக்கத்தில் பெண்ணின் தமையன் மோட்டார் சைக்கிளோடு காத்திருக்கிறார்.

"பாதருக்குப் பதினொரு மணிக்கு வேறை ஊரிலை பூசை. அவர் நிக்கமாட்டார், பிள்ளை. நடந்து போய்ச் சேர ஏலுமே?"

"பையைத் தாங்கோ அன்ரி, நாங்கள் குடுக்கிறம்," என்றாள் ஜெசிந்தா.

அவர் பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். நாங்கள் யாரென்று அவருக்குத் தெரியாது. தாலியை வழியில் கண்டவர்களிடம் யார்தான் கொடுப்பார்? கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெசிந்தாவின் சைக்கிள் கரியரைப் பார்த்தார்.

"நானும் வாறன்."

ஜெசிந்தாவின் முழங்காலுக்கு அது ஆகாது. சைக்கிள்களை மாற்றிக்கொண்டோம். வாழ்நாளில் கியர் இல்லாத சைக்கிளில் ஆளை ஏற்றி நான் ஓட்டியதில்லை. அன்ரி பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்து, ஒரு கையால் என் இடுப்பைப் பிடித்தார்.

"நான் விழுந்தாப் பரவாயில்லை. கூறையிலை மண் படக்கூடாது, சொல்லிப்போட்டன்."

முதல் கிலோமீற்றரில் என் தொடை எரிந்தது. காற்று சேலைத் தலைப்பைப் பாய் மாதிரி விரித்து எங்களைப் பின்னுக்கு இழுத்தது. "சீலையைச் செருகுங்கோ அன்ரி!" என்று கத்தினாள் ஜெசிந்தா. அவள் என் சைக்கிளில் எனக்கு நேர் முன்னால் வந்து, தோள்களை அகல வைத்துக் காற்றைத் தாங்கினாள். "வலப்பக்கம் வா! இடப்பக்கம் மணல்!" அவள் முதுகை ஒட்டி மிதித்தேன். அந்த முழங்கால் ஏறி இறங்குவதைப் பார்த்துப் பயந்தேன். அவளோ ஒரு தடவைகூட வேகத்தைக் குறைக்கவில்லை.

பையில் தொலைபேசி விடாமல் அடித்தது. எடுக்க அன்ரிக்குக் கை இல்லை.

சவுக்கங்காட்டின் முடிவில் பாதையை மணல் மூடியிருந்தது. முன்சில்லு புதைந்தது. நான் காலை ஊன்றுவதற்குள் அன்ரி குதித்திறங்கி, பையைத் தலையில் வைத்து, மற்றக் கையால் கரியரைப் பிடித்துத் தள்ளத் தொடங்கினார். "மிதி பிள்ளை, மிதி!" செருப்பொன்று கழன்று மணலில் நின்றுவிட்டது. கிரவல் தட்டுப்பட்டதும் ஓடிவந்து தாவி ஏறினார். "செருப்பு, அம்மா!" என்றேன். "கிடக்கட்டும்! ஓடு!"

மூன்று பேரும் சிரித்துக்கொண்டே மதகுக்கு வந்து சேர்ந்தோம். அக்கரையில், கோட்டும் டையும் போட்ட இளைஞன் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, சப்பாத்துகளைக் கழுத்தில் தொங்கவிட்டபடி நின்றான். உப்புத் தண்ணீருக்குள் இறங்கி வந்து கையை நீட்டினான். அன்ரி பையை முதலில் கொடுத்தார். பிறகு சேலையைத் தூக்கிப் பிடித்துத் தானும் இறங்கினார். மோட்டார் சைக்கிள் கிளம்பும்போது எங்கள் பக்கம் திரும்பி, "நீங்கள் வராமல் தாலி கட்டமாட்டினம்!" என்று கத்தினார்.

நல்லவேளை, அப்படிச் செய்யவில்லை. சைக்கிள்களைத் தோளில் சுமந்து மதகைக் கடந்து, மிச்சத் தூரத்தை ஓட்டி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தேவாலயத்தில் பாட்டுக் கேட்டது. தூசும் வியர்வையுமாக உள்ளே போகக் கூச்சப்பட்டு வேப்பமரத்தின் கீழ் நின்றோம். பூசை முடிந்ததும் பாதர் அவசரமாகக் காரில் ஏறினார். அவருக்குப் பின்னாலேயே அன்ரி வெறுங்காலோடு வந்து, எங்கள் இருவரின் மணிக்கட்டையும் பிடித்து மணமக்களிடம் இழுத்துப் போனார். கூறையில் ஒரு மண்துகள் இல்லை. அந்தக் கல்யாணப் படத்தில் மணப்பெண்ணுக்கு அடுத்ததாகச் செம்மண் பூசிய என் முகம் இருக்கிறது.

விருந்து சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குத் திரும்பினோம். இப்போது சோளகம் முதுகில். மிதிக்கவே தேவையில்லை, கிரவல் காலுக்குக் கீழே ஆறு மாதிரி ஓடியது. எங்கள் மலையில் இறக்கம் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும், பிரேக்கைப் பிடித்த விரல்தான் வலிக்கும். இங்கே மணற்காடுவரை ஒரே இறக்கம், தட்டைத் தரையில். ஜெசிந்தா இரண்டு கைகளையும் விரித்து, வாய்விட்டுக் கூவிக்கொண்டே எனக்கு முன்னால் பறந்தாள்.

மறுநாள் யாழ்ப்பாண ரயில் நிலையத்தில் அவள் நொண்டிக்கொண்டுதான் வந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"ஓம், நல்லா நோகுது. வாற ஏப்ரல் லீவுக்கு உங்கடை மலைக்கு வாறன்."

"ஏத்தம் ஏறுவியா?"

"ஏலாட்டி இறங்கித் தள்ளுறன்," என்றாள். ரயில் நகர்ந்தது.