முயல் என்று பேர் வாங்கிய கொப்னட்

கெர்ரிக் கடற்கரையில் கொப்னட்டைத் தெரியாதவர்கள் இல்லை. அவளுக்கு ஐம்பது வயது ஆகும் வரை நல்ல விதமாகவே தெரிந்திருந்தது. கணவனைக் கடலுக்குக் கொடுத்தவள். இருந்தது ஒரே ஒரு பசு, ஒரு துண்டு உருளைக்கிழங்கு நிலம். வாய் மட்டும் நாலு பேருக்குக் காணும். பக்கத்து வீட்டு நேன்ஸும் அவளும் ஒரே வருடம் கல்யாணமாகி வந்தவர்கள், ஒருத்தி பிரசவத்துக்கு ஒருத்தி நின்றவர்கள். ஒற்றைப் பசுவின் பாலில் வெண்ணெய்ப் பீப்பாய் நிறையுமா? அதனால் ஊர்ப் பெண்கள் ஐந்து பேர் வெண்ணெயைச் சேர்த்து ஒரே பீப்பாயாகச் சந்தைக்கு அனுப்புவார்கள். கொப்னட்டின் பிழைப்பு அந்தப் பீப்பாயில்தான் இருந்தது.

ஏப்ரல் கடைசி நாள் சாயங்காலம் கடல் உள்வாங்கியதும், இருவரும் நிலத்துக்கு உரமாகக் கடற்பாசி அறுக்கப் போனார்கள். அங்கே பாறைக்குப் பாறை சொந்தக்காரன் உண்டு. தங்கள் பங்கில் பாசி தீர்ந்துபோக, பத்துப் பசு வைத்திருந்த தைக் என்பவனின் பாறையில் கை வைத்தார்கள். அவசரத்தில் கொப்னட் வழுக்கி விழுந்தாள். அரிவாள் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. நேன்ஸ்தான் தன் தலைத்துணியைக் கிழித்துக் கட்டுப் போட்டு, தோள் கொடுத்து வீடு சேர்த்தாள்.

மறுநாள் மே முதல் தேதி. அந்த விடியலில் சூனியக்காரிகள் முயலாக மாறி, பசுவின் மடியில் வாய் வைத்து, அந்த வருடத்து வெண்ணெய் முழுவதையும் கொண்டுபோய்விடுவார்கள். இதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. அன்று அடுத்த வீட்டுக்கு நெருப்புக்கூடக் கொடுக்க மாட்டார்கள். தைக் துப்பாக்கியோடு மேய்ச்சலில் காத்திருந்தான். பசுக்களுக்கு நடுவே முயல் ஒன்று நிமிர்ந்து உட்கார, சுட்டான். அது பின்னங்காலை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை கொப்னட் நொண்டிக்கொண்டே பூசைக்கு வந்தாள். வேறென்ன வேண்டும் ஊராருக்கு?

பூசை முடிந்ததும் தைக் கோவில் வாசலில் மறித்தான்.

"காலுல என்ன கொப்னட்? குண்டு இன்னும் உள்ளதான் இருக்கா?"

சிலர் சிரித்தார்கள், சிலர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள். திருடி என்று பேர் வந்தாலும் வரட்டும் என்று அவள் உண்மையைச் சொன்னாள்.

"உன் பாறையில பாசி அறுத்தேன் தைக், அரிவா வெட்டிருச்சு. திருட்டுதான், ஒத்துக்கிறேன். நேன்ஸும் கூட இருந்தா, அவளையே கேளு."

எல்லாரும் நேன்ஸைப் பார்த்தார்கள். அவள் மகளுக்கும் தைக்கின் மகனுக்கும் அந்த வாரம்தான் சம்பந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெண்ணைப் பற்றி அந்த வீட்டில் நாலு நல்ல வார்த்தை சொல்லி வைத்ததே கொப்னட்தான்.

"அன்னிக்கு நான் வீட்டை விட்டே இறங்கலியே," என்றாள் நேன்ஸ், தரையைப் பார்த்துக்கொண்டு.

அதோடு பீப்பாயும் போயிற்று. கொப்னட் கொண்டுபோன வெண்ணெயை யாரும் தொடவில்லை. பசுவை விற்றுவிட்டு, கடல் நத்தை பொறுக்கி வயிற்றைக் கழுவினாள். ஊர்க்காரர்கள் மேல் அவளுக்குப் பெரிய கோபமில்லை. நம்பியதைப் பேசினார்கள், அவ்வளவுதான். நேன்ஸ் செய்தது பச்சைத் துரோகம். அதை நினைக்கிற போதெல்லாம் நெஞ்சு எரிந்தது. ஆனாலும் ஒருநாள் தனியாக வந்து, "எனக்குத் தெரியும்டி, நீ சூனியக்காரி இல்ல" என்று சொல்லமாட்டாளா என்று காத்திருந்தாள். அந்த ஒரு வார்த்தை போதும் அவளுக்கு.

ஒன்றரை வருடம் கழித்து, தைக்கின் மகனைக் கட்டிக்கொண்ட நேன்ஸின் மகள் தாய் வீட்டில் பிள்ளை பெற்றாள். காத்திருந்து அலுத்த கொப்னட், சின்னதாக ஒரு ஜோடி காலுறை பின்னிக்கொண்டு தானே போனாள். மகள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அடுப்போரத்தில் நேன்ஸும் தொட்டிலும் மட்டும்.

"இப்ப யாருமில்ல. என் காலுக்குக் கட்டுப் போட்டது யாருடி? நீயே சொல்லு."

"நான்தான் போட்டேன். நீ விழுந்ததையும் பாத்தேன்." நேன்ஸ் குரலை உயர்த்தவில்லை. "ஆனா விடியக்காலையில நீ எங்க இருந்தேன்னு எனக்கென்ன தெரியும்?"

சொல்லிக்கொண்டே அடுப்பிலிருந்த இரும்பு இடுக்கியை எடுத்துத் தொட்டிலின் குறுக்கே வைத்தாள். கெட்டது எதுவும் பிள்ளையை அண்டாமலிருக்க அந்த ஊரில் வைப்பது அது. நேன்ஸ் நடிக்கவில்லை, நிஜமாகவே நம்புகிறாள் என்பது கொப்னட்டுக்குத் தெரிந்தது. நேன்ஸ் தொட்டிலைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.