அலை அறையும் பக்கம்

குன்வோருக்கு இருபத்தொன்பது வருஷமாகப் பாலங்களைத் தட்டிப் பார்ப்பதுதான் வேலை. சுத்தியலால் கான்கிரீட்டைத் தட்டுவாள். கணீரென்றால் சரி, பொத்தென்றால் உள்ளே கம்பி துருப்பிடித்து மேல்தோலைப் பெயர்க்கிறது என்று அர்த்தம். அவள் சொல்லிவிட்டால் மாவட்ட அலுவலகத்தில் மறுபேச்சு கிடையாது. அப்படியே பழகி, தான் தப்புப் பண்ணக்கூடும் என்ற நினைப்பே அவளுக்கு அற்றுப்போயிருந்தது.

ஸ்கார்வ் தீவுப் பாலம்தான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. கடலில் நிற்கும் அதன் தூண்களுக்குள் துரு ஏற ஆரம்பித்திருந்தது. பழுது பார்க்க ஆரம்பித்தால் பதினாலு மாதம் லாரி போக முடியாது. தீவில் மீன் லாரிக்காரர்களுக்குக் காபியும் வாஃபிளும் போட்டுக் கொடுத்துப் பிழைப்பவள் ஆஸ்தா, குன்வோரின் சொந்த அக்கா. லாரி நின்றால் கடையும் நின்ற மாதிரிதான்.

எனவே, துரு எத்தனை வேகத்தில் பரவுகிறது என்று பார்த்து முடிவெடுப்போம் என ஆறு சென்சார்களைத் தூண்களில் பதிக்கச் சொன்னாள். எந்தப் பக்கம் என்று யாரும் யோசிக்கவில்லை. மேற்குப் பக்கம், அலை வந்து அறைகிற பக்கம். வேறு எங்கே?

ஒரு வருஷம் ஓடியது. கணினித் திரையில் துருவைக் காட்டும் கோடு ஏறாமல், ஆடாமல் அசையாமல் கிடந்தது. குன்வோருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அறிக்கை எழுதுவதற்கு முன்பே அக்காவைக் கூப்பிட்டு, "அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்லக்கா" என்றாள். அவசரக்குடுக்கை. ஆஸ்தா அந்த வாரமே கடைக் குத்தகையை அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை வழக்கமான சோதனை. கிரேனின் கூடையில் நின்றபடி கிழக்குப் பக்கத்தைத் தட்டினாள் குன்வோர். பொத். நகர்ந்து தட்டினாள். பொத். மூன்றாவது தூணில் உள்ளங்கை அகலத்துக்குக் கான்கிரீட் பெயர்ந்து கடலில் விழுந்தது.

சென்சார் ஒன்று சொல்கிறது, சுத்தியல் ஒன்று சொல்கிறது. எதை நம்புவது? மேற்கே நன்றாக இருக்கும்போது அலை படாத கிழக்கு எப்படிக் கெடும்? இரண்டு நாள் மண்டை காய்ந்தது. வியாழக்கிழமைக்குள் அறிக்கை போயாக வேண்டும்.

புதன்கிழமை, அலுவலகத்தில் சென்சார் கணக்குப் பார்க்கும் ஹால்வாரின் மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"கிழக்குலயும் ஆறு சென்சார் வைப்போம் ஹால்வார். இன்னும் ஒரு வருஷம் பாத்துரலாம்."

"வைக்கலாம். கோடு நல்லா வருதுன்னு வைங்க. அந்தத் தூண் மேல லாரிய விடுவீங்களா?"

குன்வோர் பெயர்ந்து கடலில் விழுந்த துண்டை நினைத்துப் பார்த்தாள். "மாட்டேன்."

"மோசமா வந்தா?"

"அப்பவும் மாட்டேன்."

"எது வந்தாலும் உங்க பதில் ஒண்ணுதான். அப்புறம் அந்த ஒரு வருஷம் எதுக்குங்க?"

அவளிடம் பதில் இருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது. அக்காவிடம் பேசுவதை ஒரு வருஷம் தள்ளிப்போட.

அறிக்கையில் லாரிகளை உடனே நிறுத்தச் சொல்லி எழுதினாள். பிறகு போனை எடுத்தாள். கிழக்குப் பக்கம் கெட்டிருப்பதையும், பதினாலு மாதம் லாரி நிற்கும் என்பதையும் ஆஸ்தாவிடம் சொன்னாள்.

"சென்சாரெல்லாம் மேற்குலயா வச்சீங்க?"

"ஆமாக்கா. அலை அங்கதானே அடிக்குது."

"அடிக்கும். மழையும் அங்கதான் அடிக்கும், உப்பக் கழுவிட்டுப் போயிரும். கடையில மழை படாத கிழக்கு ஜன்னல்லதான் உப்பு அப்பிக் கெடக்கும். முப்பது வருஷமா வாராவாரம் தொடைக்கிறேன்டி நான்."

குன்வோர் வருஷம் பூராவும் வாஃபிள் தின்ன அந்தக் கடைக்குப் போய்வந்திருக்கிறாள். அந்தக் கிழக்கு ஜன்னலோரம்தான் உட்காருவாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"நீ கேட்டியா?" ஆஸ்தா அதோடு விடவில்லை. "சரி, பதினாலு மாசம்னு சொல்ற. அதுவாச்சும் நிச்சயமா, இல்ல இதுவும் போன வாரம் சொன்ன மாதிரியா?"

இருபத்தொன்பது வருஷத்தில் யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை.

"தெரியலக்கா" என்றாள் குன்வோர்.