அக்காவுக்கு உட்காரத் தெரியாது

என் அக்கா படித்தது தாவரவியல். பார்த்த வேலைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் வரவேற்பில் இருந்த பெண் பிரசவத்துக்குப் போக, மூன்று மாதத்துக்கு மட்டும் என்று அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அவள் நிம்மதியாக உட்கார்ந்தது அதுதான் கடைசி.

நான்காம் நாள் லிஃப்ட் பாதியில் நின்றது. உள்ளே ஆறு பேர். மெக்கானிக் வந்துசேர முக்கால் மணி நேரம். அதுவரை கதவிடுக்கில் வாயை வைத்து, "எல்லாரும் தரையில உக்காருங்க, யாரும் கதவ நெம்பாதீங்க, நான் எங்கயும் போகல" என்று பேசிக்கொண்டே இருந்தாள். வெளியே வந்த ஆறு பேரில் ஒருவர் கட்டடத்தின் முதலாளி. "இந்தப் பொண்ணு இங்கயே இருக்கட்டும்" என்றார். முடிந்தது கதை.

முதலில் சாவிகள் கைக்கு வந்தன. பிறகு பம்பு, ஜெனரேட்டர், துப்புரவாளர்கள், காவலாளிகள், ஏசி குளிர்கிறது என்றும் குளிரவில்லை என்றும் ஒரே நேரத்தில் சண்டை பிடிக்கும் ஐந்தாம் மாடி. மேலாளர் என்று அட்டை அடித்துக் கொடுத்தார்கள். இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கூரையைப் பார்ப்பாள், பிறகுதான் மனிதர்களை. என் புது வீட்டுக்கு வந்தவள் நல்லதாக நாலு வார்த்தை சொல்வதற்கு முன்பே, "குளியலறைச் சுவத்துல ஈரம் ஏறுது" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஈரம் ஏறியிருந்தது என்பது வேறு விஷயம்.

பாவம், அவளுடைய ஒரே மகள்தான். பள்ளி விழா என்றால் கட்டடத்தில் குழாய் வெடிக்கும். பிறந்தநாள் என்றால் லிஃப்ட் நிற்கும். எதிலும் அம்மா கடைசிவரை இருந்ததில்லை. அதனால் பட்டமளிப்பு விழாவுக்கு முந்தின நாள் மகள் கறாராகச் சொன்னாள்: "வரலைன்னாகூட பரவால்லம்மா. வந்துட்டு பாதியில எழுந்து போகாத." அக்கா சத்தியம் செய்தாள். அரங்கில் நுழைந்ததும் செல்போனை அணைத்து என் பையில் போட்டாள்.

ஒரு மணி நேரம் சமர்த்தாக இருந்தாள். கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. மகள் மேடையருகே வரிசைக்கு வந்துவிட்டாள். முன்னால் ஏழெட்டுப் பேர். அப்போதுதான் அக்கா பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவசர வழி என்று பச்சை விளக்கு எரிந்த கதவில் சங்கிலியும் பூட்டும். அதை மறைத்து அடுக்கிய நாற்காலிகள்.

"அக்கா, வேணாம்" என்று கையைப் பிடித்தேன்.

"அறுநூறு பேர் இருக்காங்கடி."

"அஞ்சு நிமிஷம். அதுக்குள்ள ஒண்ணும் ஆயிடாது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க." கையை உதறிவிட்டுப் போய்விட்டாள்.

மகள் பெயரை அழைத்தபோது இரண்டு பேருக்கும் சேர்த்து நானே கை தட்டினேன். பின்னால் அக்கா காவலாளியை விரட்டிச் சாவி வாங்கி, நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

விழா முடிந்தது. தீப்பிடிக்கவில்லை. யாரும் மயங்கி விழவில்லை. அந்தக் கதவு வழியாக ஒருவரும் வெளியே போகவில்லை. ஏதாவது நடந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் பாழாய்ப்போன நினைப்பு வந்தது எனக்கு.

மகள் கறுப்பு அங்கியோடு வந்து என் பக்கத்தில் நின்றாள். "மேடையில நின்னா அந்தக் கதவு நேரா தெரியுது சித்தி. அம்மா முதுகப் பாத்துக்கிட்டேதான் பட்டம் வாங்கினேன்."

அதற்குள் எங்களருகே வந்துவிட்ட அக்காவுக்கும் அது கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கையில் அந்தப் பூட்டு இருந்தது. சாவியைப் போட்டுத் திறப்பதும், அழுத்திப் பூட்டுவதும், மறுபடி திறப்பதுமாக நின்றாள்.