"போலாமா?" என்று கேட்ட துலுக்காணம்

பழவேற்காட்டு முகத்துவாரத்தைத் தாண்டிப் படகைக் கடலுக்குக் கொண்டுபோவதில் துலுக்காணத்தை மிஞ்ச எங்கள் குப்பத்தில் ஆள் கிடையாது. ஏரியும் கடலும் முட்டிக்கொள்ளும் இடம் அது. சுக்கான் பிடிப்பவன் அலையைப் பார்த்துக்கொண்டே நிற்பான். "தள்ளு" என்றால் துடுப்புப் போடுகிற நாங்கள் நால்வரும் உயிரைக் கொடுத்துத் தள்ள வேண்டும், மறுபேச்சு கூடாது. பதினெட்டு வருஷம் அவன் சொல்லித்தான் தள்ளினோம்.

1968 ஐப்பசியில் ஒரு விடியற்காலை, அலைக்கு முன்னால் படகை நிறுத்திவிட்டு, "போலாமா?" என்று எங்களைக் கேட்டான். சுக்கான் பிடிப்பவன் கேட்கிற கேள்வியா அது! வலை போடாமலே திரும்பினோம். மறுநாளும் கேட்டான்.

"அவன் மனசு உட்டுட்டான்பா" என்று கரையில் முதலில் சொன்னது நான்தான். என் நாக்கு அழுகிப் போக.

எங்கள் பக்கம் பயந்தவனுக்கு அப்படிச் சொல்வதில்லை. பயம் எவனுக்குத்தான் இல்லை? படுத்த நோயாளி கஞ்சி வேண்டாமென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டால் அப்போது சொல்வோம். சொல்லிவிட்டு வெளியூர்ச் சொந்தத்துக்கு ஆள் அனுப்புவோம். தன்மேல் தனக்கே நம்பிக்கை போனவன் என்று அர்த்தம். கடலில் அந்தப் பேர் வாங்கினவன் சொல்லுக்கு எவனும் துடுப்புப் போட மாட்டான்.

எங்களோடு துடுப்புப் போட்ட அருணகிரியிடம் சுக்கானைக் கொடுத்தோம். துலுக்காணத்தின் பெண்சாதி எல்லம்மாவுக்கு ஒரே தம்பி, இருபத்திரண்டு வயசு, அவசரக்காரன். இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்று எல்லம்மா என்னிடம் வந்து கெஞ்சினாள். பொம்பளைக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று கத்தி அனுப்பினேன். துலுக்காணம் என் பக்கத்தில் துடுப்பில் வந்து உட்கார்ந்தான். சண்டையாவது போட்டிருக்கலாம் பாவி.

ஐந்தாம் நாள் காற்றே இல்லை. தண்ணீர் கறுத்துக் கிடந்தது. அருணகிரி "தள்ளு" என்றான். துலுக்காணத்தின் கை துடுப்பில் அப்படியே நின்றது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு அவனும் எங்களோடு சேர்ந்து தள்ளினான். அலை படகைக் கவிழ்த்துப் போட்டது. நாங்கள் நால்வரும் நீந்திக் கரையேறினோம். அருணகிரியின் உடம்பு மூன்றாம் நாள்தான் ஒதுங்கியது.

காரியத்தன்று எல்லம்மா எல்லோர் எதிரிலும் புருஷனைக் கேட்டாள்.

"அந்த அலை வர்றது உனுக்குத் தெரிஞ்சிச்சா, இல்லியா?"

"தெரிஞ்சிச்சி. என் கண்ண நானே நம்பல. அதான் சொல்லல."

அவள் அவனைத் திட்டவில்லை. மெதுவாக என் பக்கம் திரும்பினாள். அங்கே இன்னும் ஒரு நிமிஷம் உட்கார எனக்குத் துணிச்சல் இல்லை, எழுந்து வந்துவிட்டேன்.