வவுணதீவிலிருந்து வந்த எண்கள்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்குக் கணினித் திரையின் வலது ஓரத்தில் நான் முதலில் கண்டது நான்கு என்ற எண். அதற்கு மேலே என் நண்பனுடைய கதைப் பாத்திரத்தின் சிறிய படம்: கேடயம் பிடித்த ஒரு தடித்த மனிதன். அந்த எண்ணை யாரும் வாயால் சொல்லவில்லை. அதுதான் புதிது.

நாங்கள் நான்கு பேர் ஞாயிறு பிற்பகல்களில் இணையத்தில் ஒரு கதை விளையாட்டு விளையாடுகிறோம். வாழைச்சேனையில் கணிதம் படிப்பிக்கும் டீச்சர் கதையை நடத்துவார். குகை, காடு, பூதம் எல்லாம் அவர் சொல்வதுதான். மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு பாத்திரம். என்னுடையது பூட்டுத் திறக்கும் கள்வன். லண்டனில் இருக்கும் என் தம்பிக்கு ஒரு மந்திரக்காரி. வவுணதீவில் வயல் செய்யும் என் பள்ளித் தோழனுக்குக் கேடயக்காரன். எதையாவது செய்ய முயன்றால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் வந்தால் காரியம் கூடும். சிறிய எண் வந்தால் கெடும். சில வேளை பாத்திரமே சாகும்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு ஷீட் உண்டு. அதன் பலம், திறமை, மிச்சமிருக்கும் உயிர், பையில் கிடக்கும் பொருட்கள் எல்லாம் அதில் இருக்கும். ஷீட்டுகள் ஒரு தளத்தில். வரைபடத்தை விரித்து எல்லாரும் கூடும் மேசை இன்னொரு தளத்தில். இரண்டையும் இணைத்துவிட்டால் ஷீட்டில் ‘பாய்தல்’ என்ற சொல்லைத் தொட்டாலே போதும். மேசையில் பகடை தானாக உருளும், திறமைக்காகக் கூட்ட வேண்டியது கூட்டப்படும், விடை எல்லாருக்கும் தெரியும். நானும் தம்பியும் தொடக்கத்திலேயே இணைத்துவிட்டோம். நண்பன் விளையாடியது போனில். அதில் இரண்டு தளங்களையும் திறந்தால் குரல் அறுந்துவிடும். அதனால் அவனுக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. வீட்டில் உண்மையான பகடையை உருட்டி, வந்த எண்ணைச் சொன்னால் போதும். பகடைகளைத் தம்பி லண்டனிலிருந்து அனுப்பியிருந்தான்.

அவன் எண்ணை வெறும் எண்ணாகச் சொன்னதில்லை.

“பத்தொன்பது மச்சான்! வட்டைக்குள்ள யானை இறங்கின மாதிரி வாறன், விலகு, விலகு!”

வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளிக்குள் யானை இறங்குவது அவனுக்கு உவமை அல்ல. நடக்கிற காரியம். தோற்றாலும் அதே சத்தம்தான்: “ரெண்டு! கிணத்துக்குள்ள விழுந்திட்டன். சிரிக்காம ஆராவது கயிறு போடுங்க.”

நான் பத்திரிகையில் நெடுங்காலம் செய்தி திருத்தியவன். ஒரு செய்தியில் ஐந்து எண்கள் இருந்தால் ஐந்தையும் கூட்டிப் பார்ப்பேன். இந்த விளையாட்டுக்கும் ஒரு கொப்பி வைத்திருந்தேன்: யார், என்ன செய்ய முயன்றார், என்ன எண் வந்தது. நான்கு மாதக் கொப்பியை ஒருநாள் புரட்டியபோது நண்பனின் எண்கள் உறுத்தின. ஆபத்தான இடங்களில் அவன் ஒருமுறையும் தவறியிருக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அது சந்தேகம் என்று எனக்கு நானே ஒத்துக்கொள்ளவும் இல்லை. அவனுடைய ஷீட்டையும் இணைத்துவிட்டால் அவனுக்கு வசதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னிடம் பழைய மடிகணினி ஒன்று சும்மா கிடந்தது. ஒரு சனிக்கிழமை காலை அதை ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு வலையிறவுப் பாலத்தால் வவுணதீவுக்குப் போனேன்.

“இது எனக்கா? சும்மாவா?” என்றான்.

“சும்மாதான்.”

“பேப்பர்காரர் சும்மா ஒண்டும் தரமாட்டாரே” என்று அவன் மனைவி குசினிக்குள் இருந்து சொன்னார். மூவரும் சிரித்தோம். நானும்தான்.

இணைப்பதற்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. அவனுக்குக் கடவுச்சொல் மறந்துவிட்டது. புதிதாக ஒன்றை எடுத்தோம். ஷீட் இருக்கும் பக்கத்தின் நீண்ட முகவரியைப் பிரதி செய்து மேசையில் ஒட்டினேன். மேசை அனுமதி கேட்டது. கொடுத்தேன். முதல் தரம், பழக்கத்தில் என் ஷீட்டின் முகவரியை ஒட்டிவிட்டேன். கேடயக்காரனின் படத்துக்குக் கீழே என் கள்வனின் எண்கள் வந்தன.

“என்னையும் கள்ளனாக்கிப்போட்டியேடா” என்றான் நண்பன்.

கழற்றித் திரும்ப இணைத்தேன். இந்த முறை சரியாக வந்தது. அவன் ‘பாய்தல்’ என்பதைத் தொட்டுப் பார்த்தான். மேசையில் பகடை உருண்டு பதினொன்றில் நின்றது. அதையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, நான் கொண்டுபோகத் தயிர் எடுத்து வருவதாகச் சொல்லி எழுந்து போனான்.

அப்போதுதான் அலுமாரித் தட்டைப் பார்த்தேன். ஒரு சீப்பு, ஒரு டோர்ச் லைட், அவற்றுக்குப் பக்கத்தில் தம்பி அனுப்பிய பகடைப் பைக்கற். கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் உறை. வாயில் ஒட்டியிருந்த நாடா ஒட்டியபடியே இருந்தது. ஏழு பகடைகளும் உள்ளே கிடந்தன.

நண்பன் ஒரு சட்டி எருமைத் தயிரோடு வந்தான். வாழையிலையால் மூடிக் கட்டியிருந்தான். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கண்டதை அங்கேயே, அவனும் நானும் தனியே இருந்தபோது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறுநாள்தான் அந்த நான்கு. அடுத்தது ஏழு. அப்போது கதையில் ஒரு தொங்குபாலம் அறுந்து, தம்பியின் மந்திரக்காரி கயிற்று நுனியில் ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தாள். அவளை இழுத்தெடுக்க எட்டும் தூரத்தில் இருந்தவன் கேடயக்காரன் ஒருவன்தான். நண்பன் அழுத்தினான். மேசையில் இரண்டு விழுந்தது.

மந்திரக்காரி ஆற்றில் போய்விட்டாள் என்றார் டீச்சர். நான்கு மாதமாகத் தம்பி வளர்த்த பாத்திரம்.

“சரி, விடுங்க அண்ணன், புதுசா ஒண்டு செய்வம்” என்று தம்பி நண்பனுக்குச் சொன்னான்.

“இந்தப் பெட்டிக்கு என்னமோ கண்ணூறு மச்சான்” என்றான் நண்பன். “நான் கையால உருட்டியிருந்தா அவள இழுத்திருப்பன்.”

“கையால எதை உருட்டின நீ?” என்று கேட்டேன். “பைக்கற் இன்னும் உடைக்காமத்தானே கிடக்கு.”

மூன்று மணி முப்பத்தொரு நிமிடம். ஒரு நாய் குரைத்தது. வவுணதீவில்தான்.

“ஓம் மச்சான்” என்றான் நண்பன். “உருட்டல்ல.” மாட்டை மாற்றிக் கட்டவேண்டும் என்று சொல்லிப் போய்விட்டான்.

“இத இப்ப, எல்லாருக்கும் முன்னாலயா கேக்கிற?” என்று தம்பி என்னிடம் கேட்டான்.

“எனக்கு மூண்டாம் கிழமையே தெரியும்” என்றார் டீச்சர். “கணக்குப் படிப்பிக்கிற எனக்கு இது விளங்காதா?”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல்ல?” என்றேன்.

“உங்கட கொப்பிய எடுத்துப் பாருங்க. ஆருக்காகப் பெரிய எண் சொன்னவர் எண்டு பாருங்க. மறுகா கேளுங்க.”

யாருக்காக என்று ஒரு நிரல் என் கொப்பியில் இல்லை. பென்சிலால் கோடு கிழித்து, ஞாபகத்திலிருந்து நிரப்பினேன். அவனுடைய பெரிய எண்கள் எல்லாம் வேறொருவர் சாகப்போன இடத்தில் வந்தவை. அதில் நான்கு என் கள்வனுக்காக. அவனுடைய சொந்தக் காரியங்களுக்கு எதிரே இருந்தவை இரண்டு, ஐந்து, ஒன்று, மூன்று. கிணற்றில் விழுந்தது, கேடயத்தைத் தொலைத்தது, கழுதையிடம் உதை வாங்கியது.

செவ்வாய்க்கிழமை போனேன். வயலில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தான். மண்வெட்டியை வரப்பில் குத்திவிட்டு வந்தான். மன்னிப்புக் கேட்டேன்.

“என்னத்துக்கு? நீ சரியாத்தானே சொன்ன.”

“ஏன் மச்சான் உருட்டல்ல?”

“உருட்டினா என்ன வரும் எண்டு தெரியாதே.”

“அதுதானே விளையாட்டு.”

“உனக்கு விளையாட்டு. எனக்கு அங்கால இரிக்கிற நீங்க மூண்டு பேரும். ஒரு எண் சரியா வரல்ல எண்டு ஒருத்தரப் போகவிட எனக்கு ஏலா.”

அவனுடைய இரண்டு அண்ணன்மாருக்கும் யுத்த காலத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அன்று வந்த சாவுச் செய்தி என் மேசைக்குத்தான் வந்தது. எண்ணிக்கை சரியா என்று பார்த்து, நான்கு வரியாகச் சுருக்கி அச்சுக்குக் கொடுத்தேன்.

“இணைப்பைக் கழட்டிவிடுறன்” என்றேன். “முந்தின மாதிரி நீ வாயால சொல்லு. டீச்சரும் ஓம் எண்டுதான் சொல்லுவா.”

“இனி நான் சொன்னா ஆர் மச்சான் நம்புற?”

நான் நம்புகிறேன் என்று சொன்னேன். அவன் சிரித்தான். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை வருவாயா என்று கேட்டேன். “வாறன், வாறன்” என்றான்.

வந்தான். அந்த ஞாயிறும் வந்தான், அதற்குப் பிறகு ஒரு கிழமையும் தவறவில்லை. தம்பி புதிதாக ஒரு வில்லுக்காரியை உருவாக்கினான். நண்பனின் இணைப்பு கழற்றாமலே இருந்தது. அவன் முறை வரும்போது டீச்சர் பெயரைச் சொல்வார். அவன் அழுத்துவான். எண் மேசையில் விழும். கூட்ட வேண்டியதை மேசையே கூட்டிக்கொள்ளும். என்ன வந்தது என்று அவனிடம் யாரும் கேட்கத் தேவையில்லை.

கடந்த ஞாயிறு அவன் ஒன்பது முறை உருட்டினான். அவனுடைய மைக் இரண்டு மணி நேரமும் மூடியிருந்தது.